டி.பி.யிலிருந்து தேறுபவர் வீட்டுக்கு என்ன கொடுத்தனுப்பலாம்?

நோயுற்றவரைப் போய்ப் பார்த்து நலம் விசாரிப்பது ஆரணியில் இன்னும் விட்டுப்போகாத நல்ல வழக்கம். வெறுங்கையோடும் போகமாட்டோம். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு ஆப்பிள், சாத்துக்குடி, ரொட்டி. காய்ச்சலில் படுத்து ஒரு வாரத்தில் எழுந்துவிடுபவருக்கு இது போதும். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டிய காசநோயாளிக்கு, அதிலும் தறியில் உட்கார்ந்து பிழைப்பவருக்கு, இது எந்த மூலைக்கு?

புடவையை அறுத்துக் கொடுத்தால்தான் நெசவாளிக்குக் கூலி. பாவு தறியிலேயே நின்றுவிட்டால் வரவும் நின்றுவிடும். வீட்டுப் பெண்கள் தார் சுற்றுவதும் அந்தத் தறியை நம்பித்தான். நோய் ஒருவருக்கு என்றாலும் பசி வீடு முழுவதற்கும் வருகிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு முட்டை போனால் அதை அம்மா யாருக்குக் கொடுப்பார்? பிள்ளைக்குத்தான். அதில் தவறும் இல்லை. எனவே நோயாளிக்கு மட்டும் என்று எண்ணி அனுப்பாமல், வீட்டுக்கே அனுப்ப வேண்டும். ஒருமுறை அனுப்பிவிட்டு நிறுத்தாமல், மாதாமாதம் அனுப்ப வேண்டும்.

இதற்கு வலுவான சான்று ஜார்க்கண்ட் மாநிலத்திலிருந்து கிடைத்திருக்கிறது. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் தலைமையில் 2019 முதல் 2022 வரை அங்கே ஓர் ஆய்வு நடந்தது. ‘ரேஷன்ஸ்’ என்று பெயர். சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கெடுத்தது. 2,800 நோயாளிகளுக்கு மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப்பொருள் கொடுத்தார்கள்: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் போன்றவை. சத்து மாத்திரையும் உண்டு. ஒரு பகுதிக் குடும்பங்களில் நோயாளியோடு வாழும் மற்றவர்களுக்கும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் முடிவுகள் வெளிவந்தன. குடும்பத்துக்கும் உணவு போன வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளிடையே இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது.

5 சதவீதம் என்றால் 40 கிலோ எடை உள்ளவருக்கு 2 கிலோ. அவ்வளவுதான். ஆகவே போய்ப் பார்க்கும்போது “உடம்பு எப்படி இருக்கு?” என்பதோடு “எடை எத்தனை கிலோ ஏறியிருக்கு?” என்றும் கேளுங்கள். ஏறவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள்.

ஜார்க்கண்டில் கொடுத்ததை அப்படியே இங்கே கொடுக்க வேண்டியதில்லை. நம் ரேஷன் கடையில் அரிசி இலவசம். பெரும்பாலான வீட்டில் சோற்றுக்குக் குறையில்லை, குழம்பில் பருப்புதான் இல்லை. ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு கிடைத்தாலும் ஐந்து பேர் உள்ள வீட்டில் அது எத்தனை நாளைக்கு வரும்? துவரம் பருப்பு, பாசிப்பருப்பு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, ஒரு லிட்டர் எண்ணெய், ஓர் அட்டை முட்டை, முடிந்தால் பால்காரரிடம் தினம் அரை லிட்டர் பாலுக்குச் சொல்லி மாதக் கணக்கை நாம் கட்டிவிடுவது. பால்காரர் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. கொடுப்பவர் யாரென்று தெருவுக்குத் தெரியாது, தினமும் வந்துகொண்டும் இருக்கும்.

ஹார்லிக்ஸ் கெடுதல் என்று சொல்லவில்லை. அதில் பெரும்பகுதி மாவும் சர்க்கரையும்தான். அரைக்கிலோ பாட்டில் வாங்கும் பணத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் பருப்பு வரும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. காசநோயோடு சர்க்கரை நோயும் இருப்பவர் நம்மில் பலர். அவர்களுக்கு இனிப்புப் பானமும் ஜூஸும் கொண்டுபோகவே வேண்டாம்.

எல்லா வீட்டுக்கும் உணவுப் பைதான் முதல் உதவி என்றும் இல்லை. எலும்பும் தோலுமாக மெலிந்தவர், மூச்சு வாங்குபவர், பிடிமானமின்றி எழுந்து நிற்க முடியாதவர் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. இத்தகையோரைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உள்நோயாளியாகச் சேர்க்கத்தான் தமிழக அரசு 2022இல் ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ கொண்டுவந்தது. மிகவும் மெலிந்த உடம்புக்குத் திடீரென்று நிறைய ஊட்டுவதும் ஆபத்து. மருத்துவர் பார்வையில் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும்.

உணவு மருந்துக்குத் துணைதான், மாற்று அல்ல. இதையும் நம் சென்னையே உலகுக்குக் காட்டியது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வில் ஏழை நோயாளிகளில் ஒரு பாதிப் பேரை சானடோரியத்திலும் மறு பாதியை வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் இருந்தன. வீட்டில் நெருக்கடியும் குறைந்த சாப்பாடும். 1959இல் வெளியான முடிவு, வீட்டிலிருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள் என்றது. கூட இருந்தவர்களுக்கு நோய் தொற்றியதும் அதிகமில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டதுதான் காரணம். எனவே மாத்திரையை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து கஷாயத்தை மட்டும் நம்பச் சொல்லி யாரும் கொடுத்தனுப்ப வேண்டாம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம், மருந்தின் நிறம் அது. கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

தட்டு, டம்ளரை ஒதுக்கிவைப்பதும் வேண்டாம். இது காற்றில் பரவும் நோய், பாத்திரத்தில் அல்ல. சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பெரும்பாலோரிடமிருந்து பரவுவது நின்றுவிடுகிறது. அதுவரை முகக்கவசமும் திறந்த ஜன்னலும் போதும்.

இன்னொரு விஷயம் மனதை உறுத்துகிறது. உதவிப் பையை நோயாளி கையில் கொடுத்துப் படம் எடுப்பது. டி.பி. என்று தெரிந்தால் மகளின் நிக்காஹ் பேச்சு நின்றுவிடுமோ என்று பயந்து, மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிடும் வீடுகள் இருக்கின்றன. அந்தப் படம் இந்த இதழிலும் வரக்கூடாது என்பதே என் கருத்து. பையில் பெயர் எழுதாமல், இஷாவுக்குப் பிறகு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ரமலானில் மாத்திரை நேரம் பற்றிக் கேட்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. நோன்பு வைக்கலாமா என்பதை மருத்துவரிடமும் ஹஜ்ரத்திடமும் கேட்டு முடிவெடுங்கள். நாமாக மாத்திரையை விடக்கூடாது.

அரசு தருவதும் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். ‘நிக்‌ஷய் போஷண்’ திட்டத்தில் சிகிச்சைக் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். 2024 நவம்பருக்கு முன் இது 500ஆக இருந்தது. கணக்கு எண் பதிவாகாததால் பணம் வராமல் நிற்பது உண்டு. பாஸ்புக் நகல் எடுத்துக்கொண்டு கூடவே போய்வருவதும் ஓர் உதவிதான். நம்மைப் போன்ற அறக்கட்டளைகளும் தனிநபர்களும் ‘நிக்‌ஷய் மித்ரா’வாகப் பதிவுசெய்து, சம்மதிக்கும் நோயாளிக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ உணவுப் பை கொடுக்கலாம். விவரம் அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில் கிடைக்கும். கட்டணமில்லா எண் 1800-11-6666.