முறையிடுவது பாவமல்ல

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் மத்ரஸா வாசலில் ஒரு தாய் வந்து நின்றார். என்னிடம் ஓதும் பிள்ளையொன்றின் உம்மா. முந்தானையால் முகத்தின் ஒரு பக்கத்தை மூடியிருந்தார். "மௌலவி, இவர்ர அடிய இனித் தாங்கேலாது. பொலிசுக்குப் போனால் பாவமா?" என்று கேட்டார்.

"பொறுமையாக இருங்க தங்கச்சி, துஆச் செய்யுங்க. நான் அவரோடு பேசுறேன்" என்று சொல்லி அனுப்பினேன். பேசவும் செய்தேன். அவரும் தலையாட்டினார். இரண்டு மாதம் செல்லவில்லை, அந்தத் தாய் கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். படியில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொல்லியிருந்தார்.

அவர் கேட்டது மார்க்கக் கேள்வி. நான் சொன்னதோ ஊரின் பதில். இன்று வரை அது என் மனதை அரிக்கிறது.

மார்க்கத்தின் பதில் என்ன?

கவ்லா பின்த் ஸஃலபா (ரழி) அவர்கள் தம் கணவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். "குடும்ப விடயத்தை வெளியில் பேசாதே" என்று அவர்களை யாரும் திருப்பி அனுப்பவில்லை. அந்த முறைப்பாட்டை அல்லாஹ் செவியேற்றான் என்ற செய்தியோடுதான் 'அல்முஜாதலா' சூறாவே தொடங்குகிறது. பிறரின் தீமையைப் பகிரங்கமாகப் பேசுவதை வெறுக்கும் மார்க்கம், அநீதி இழைக்கப்பட்டவருக்கு விலக்கு அளித்திருப்பதை 'அந்நிஸா' சூறாவின் 148ஆம் வசனத்தில் காணலாம். ஆகவே நியாயம் தேடிச் செல்பவள் புறம் பேசியவளாக மாட்டாள். பொறுமை என்பது அடிப்பவனுக்குக் கொடுக்கும் அனுமதிப் பத்திரமும் அல்ல.

நாட்டின் சட்டம் என்ன தருகிறது?

சகோதரிகளே! காதி நீதிமன்றம் விவாகம், தலாக், பஸஹ், தாபரிப்புப் போன்ற விடயங்களைப் பார்க்கும் இடம். அடி, உதை, கொலை மிரட்டல் என்பன குற்றங்கள். அவற்றுக்குரிய இடம் பொலிஸ் நிலையமும் நீதவான் நீதிமன்றமுமாகும். காதியாரிடம் வழக்கு இருப்பதால் பொலிசுக்குப் போக முடியாது என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் மனுச் செய்ய முடியும். அடிப்பவர் வீட்டுக்குள் நுழைவதையும் தொந்தரவு செய்வதையும் தடுக்கும் இக்கட்டளை 12 மாதங்கள் வரை வழங்கப்படலாம். அவசரமாயின் அதற்கு முன்பே இடைக்காலக் கட்டளை பெறலாம். உடற்காயம் மட்டுமல்ல, மனதை வதைக்கும் கொடுமையும் இச்சட்டத்தில் அடங்கும்.

களவு, தாக்குதல், வன்புணர்வு என எந்தக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கும் பொதுவான சட்டமும் உண்டு. 2015இல் முதன்முதலாக வந்த அச்சட்டத்துக்குப் பதிலாக 2023இல் 10ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. மரியாதையோடு நடத்தப்படவும், சிகிச்சை பெறவும், விசாரணை எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்று அறியவும் பாதிக்கப்பட்டவருக்கு அது உரிமை தருகிறது. முறைப்பாடு செய்தவரையோ சாட்சியையோ மிரட்டுவது தனிக் குற்றமாகும்.

பொலிஸ் நிலையத்தில்

நம் பெண்கள் பலர் அஞ்சுவது மொழிக்கு. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, முறைப்பாட்டை நீங்கள் சொல்லும் மொழியிலேயே எழுத வேண்டும். உத்தியோகத்தருக்கு அது முடியாவிட்டால் உங்களையே உங்கள் மொழியில் எழுதித் தருமாறு கேட்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு, பதிந்ததை விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். விளங்காத எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காயம் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று, அது எப்படி வந்தது என்று டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். காயம் ஆறிவிடும், எழுதி வைத்த அறிக்கை நிற்கும். "படியில் விழுந்தேன்" என்று ஒருமுறை எழுதப்பட்டால் பிறகு வழக்காடுவது கடினம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்காகவே 1978ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. பல நீதிமன்றங்களை அண்டி அதன் அலுவலகங்கள் உள்ளன. பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கங்களும் உண்டு.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் என் போன்ற மௌலவிமாருக்கும் ஒரு வார்த்தை: சமாதானம் செய்து வைப்பது நன்மைதான். ஆனால் அடிபட்டவளின் வாயை மூடுவது சமாதானமாகாது. அயல்வீட்டுச் சகோதரிகளே, அவள் தனியே பொலிஸ் வாசலில் நிற்பதை விட நீங்களும் கூடப் போனால் அவளுடைய பாதிப் பயம் போய்விடும்.

அந்தத் தாய் திரும்பவும் என்னிடம் வரவில்லை. இனி இன்னொரு தாய் வந்து அதே கேள்வியைக் கேட்டால், "பாவமில்லை தங்கச்சி, என்ட பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு போங்க" என்பதே என் பதில். நான் பிந்திக் கற்ற பாடம் இது.