பறிபோன சேமிப்புக்கு ஈட்டுத்தொகை: குவைத் அனுபவம்

அயல்நாட்டில் உழைத்துச் சேர்த்த பொருளை அந்நிய அரசொன்று பறித்துக்கொண்டால், இழந்தவர் யாரிடம் முறையிடுவது? மரபான சர்வதேசச் சட்டத்தின்படி தனிமனிதர் அந்நிய அரசின்மீது நேரடியாக உரிமை கோர இயலாது. அவருடைய தாய்நாட்டு அரசே அவருக்காக வாதாட வேண்டும். வாதாடுவதா என்பதும் அவ்வரசின் முடிவையே பொறுத்தது. இவ்வகையில் குவைத் நெருக்கடி தரும் படிப்பினை ஆராயத்தக்கது.

1990 ஆகஸ்ட் 2-ஆம் நாள் ஈராக் படைகள் குவைத்தைக் கைப்பற்றின. குவைத் தினார் ஈராக்கிய தினாருக்குச் சமமாக்கப்பட்டு, பின்னர் செல்லாததாக அறிவிக்கப்பட்டது. கையிலிருந்த ரொக்கம் மதிப்பிழந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் சம்பள பாக்கி, வாகனம், வீட்டுச் சாமான், கடைச் சரக்கு ஆகியவற்றை விட்டு வெளியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் ஜோர்டானின் அம்மான் நகரிலிருந்து விமானத்தில் தாயகம் திரும்பினர்.

ஈட்டு ஏற்பாடு

ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் 1991 ஏப்ரலில் நிறைவேற்றிய 687-ஆம் தீர்மானம், இந்த இழப்புகளுக்கு ஈராக்கையே பொறுப்பாக்கியது. ஜெனிவாவில் ஈட்டு ஆணையம் அமைந்தது. ஈராக்கின் எண்ணெய் ஏற்றுமதி வருவாயில் ஒரு பங்கு அதன் நிதிக்கு ஒதுக்கப்பட்டது. தொடக்கத்தில் 30 சதவீதம் வரை என்றிருந்த இப்பங்கு, 2003-இல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

மனுக்களை அரசுகளே திரட்டி அனுப்பின. இந்தியாவில் வெளியுறவு அமைச்சகத்தின் தனிப்பிரிவு இப்பணியை மேற்கொண்டது. வெளியேற நேர்ந்ததை மெய்ப்பித்தவருக்கு 2,500 முதல் 4,000 டாலர் வரையும், குடும்பத்துக்கு 5,000 முதல் 8,000 டாலர் வரையும் நிலையான தொகை வகுக்கப்பட்டது. ஒரு லட்சம் டாலர் வரையிலான தனிநபர் இழப்புகளுக்குத் தனிப் பிரிவு இருந்தது. பெருநிறுவனங்களின் கோரிக்கைகளுக்கு முன்னதாகச் சிறு மனுக்களே பரிசீலிக்கப்பட்டன. ஆயினும் 1996 டிசம்பரில் எண்ணெய் ஏற்றுமதி மீண்டும் தொடங்கிய பின்னரே பணம் போதிய அளவில் வந்தது.

சுமார் 27 லட்சம் கோரிக்கைகளில் கேட்கப்பட்ட தொகை 35,250 கோடி டாலர். வழங்கப்பட்டது 5,240 கோடி டாலர். இறுதித் தவணை 2022-இல் செலுத்தப்பட்டது.

படிப்பினை

இத்திட்டம் நிறைவேறியதற்குக் காரணங்கள் இரண்டு: பாதுகாப்புக் கவுன்சிலின் கட்டாயம், பிடித்தம் செய்யத்தக்க எண்ணெய் வருவாய். இவ்விரண்டும் எல்லா நேர்வுகளிலும் அமைவதில்லை. அவை இல்லாதவிடத்து, அரசுகளுக்கிடையிலான பேச்சுவார்த்தையே வழியாகும். அது பல்லாண்டுகள் நீளலாம். ஆகவே, சேமிப்பை அவ்வப்போது தாயகத்துக்கு அனுப்புவதும், வேலை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, கொள்முதல் ரசீது ஆகியவற்றின் நகல்களை ஊரில் வைத்திருப்பதும் அயல்நாடு செல்வோருக்கு இன்றியமையாதவை. குடிபெயர்ந்தோரின் பதிவேட்டை அமைதிக் காலத்திலேயே முறையாகப் பேணுவது தூதரகங்களின் கடமையாகும்.