மண்ணுக்குள் மருந்து – 7: உறங்கும் கூட்டத்தை எழுப்பும் புழு

பட்டான்செருவை மறந்திருக்க மாட்டீர்கள். ஹைதராபாத் அருகே, மருந்து ஆலைகளின் கழிவைச் 'சுத்திகரித்து' வெளியே விட்ட நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது என்று 2007இல் ஸ்வீடனின் லார்சன் குழு வெளியிட்டதே, அந்த இடம்தான். பிறகு அந்தப் பகுதி மண்ணிலும் இதே வகை மருந்துகள் இருப்பது தெரியவந்தது. அப்படிப்பட்ட மண்ணில் மண்புழுவால் என்ன செய்ய முடியும்? அதைத்தான் இந்த வாரம் சொல்வதாக இருந்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மண்புழு மருந்தைத் தின்று தீர்ப்பதில்லை. மருந்தைச் சிதைப்பதில் பெரும்பங்கு பாக்டீரியாக்களுடையது. ஆனால் மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை எந்த நேரமும் பட்டினியில் உறங்கிக் கிடக்கின்றன. இரை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் அவற்றால் போய் எடுக்க முடியாது. சிப்ரோஃப்ளாக்சசினும் டெட்ராசைக்ளினும் களிமண் துகளோடு இறுக ஒட்டிக்கொள்ளும். தின்ன வேண்டியது ஒருபுறம், தின்னக்கூடியவை மறுபுறம். பிரான்ஸின் பாட்ரிக் லவெல் இந்த நிலையை உறங்கும் இளவரசியின் கதையோடு ஒப்பிட்டார். அந்த உறக்கத்தைக் கலைப்பது மண்புழு.

எப்படி என்று பார்க்கப் போய்த்தான் இந்த வாரம் முழுக்க ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். புழு மண்ணை விழுங்குகிறது. தசை தடித்த அரைப்பை அதை மணலோடு சேர்த்து நெரிக்கிறது. குடலின் முன்பகுதியில் தண்ணீரும் சர்க்கரை கலந்த சளியும் தாராளமாகச் சுரக்கின்றன. உறங்கிய பாக்டீரியா விழித்துக்கொள்ள அது போதும். இதில் என்னை அசரவைத்தது, அந்தக் குடலுக்குள் ஆக்சிஜன் இல்லை என்பதுதான். சுற்றிலும் காற்றோட்டமான மண். நடுவே, விரல் தடிமன்கூட இல்லாத உடலுக்குள் காற்றில்லாத ஓர் அறை!

ஜெர்மனியின் பைராய்ட் பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் டிரேக் குழுவினர் உயிருள்ள மண்புழுக்களை மூடிய குடுவையில் வைத்து, அவை வெளிவிடும் வாயுவை அளந்தார்கள். வந்தது நைட்ரஸ் ஆக்சைடு. பல் மருத்துவர்கள் மயக்கத்துக்குத் தரும் அதே 'சிரிப்பு வாயு'. அதைச் செய்தது புழு அல்ல. மண்ணோடு உள்ளே போய், காற்றில்லாத அறையில் கண்விழித்த பாக்டீரியாக்கள். பசுங்குடில் வாயு என்பதால் இது நல்ல செய்தி இல்லைதான். ஆனாலும் உறங்கியவை எழுந்து வேலை செய்கின்றன என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மழைக்கு மறுநாள் வரப்போரம் குனிந்து பாருங்கள். குட்டி முறுக்கைப் பிழிந்து விட்டதுபோல ஈரமான மண் சுருள்கள் இருக்கும். ஒன்றை விரலால் நசுக்கினால் சுற்றியுள்ள மண்ணைவிட மிருதுவாக, வழவழப்பாக உதிரும். விழித்த பாக்டீரியாக்கள் அந்தச் சுருளிலும், புழு போன வளையின் சுவரிலும் இன்னும் சில காலம் சுறுசுறுப்பாக இருக்கும். டெட்ராசைக்ளின் கலந்த மண்ணில் புழு விட்டுச் செய்த சோதனைகளில் மருந்து விரைவாகக் குறைந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

எல்லா மருந்துக்கும் இது நடக்காது. வலிப்புக்குத் தரும் கார்பமசெபைன் மண்ணில் லேசில் சிதையாது. மனச்சோர்வுக்கான ஃப்ளுவாக்செட்டின் புழுவின் உடலுக்குள்ளேயே சேர்ந்துவிடும். அந்தப் புழுவைக் கொத்தித் தின்னும் பறவைக்கு என்ன ஆகும் என்று இங்கிலாந்தின் யார்க்கில் மைனா இனத்துப் பறவைகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றின் பசி குறைந்தது. இந்த வாரத்துக்கு வைத்திருந்த அந்தக் கதையை அடுத்த இதழில் முழுதாகச் சொல்கிறேன்.

(தொடரும்)