பாத்திரம் கழுவும் மெஷினில் தண்ணீர் நிற்கிறதா?

இரவுச் சாப்பாடு முடிந்தது. தட்டு, டம்ளர், குழம்புச் சட்டி எல்லாவற்றையும் மெஷினுக்குள் அடுக்கிப் பொத்தானை அமுக்கியாயிற்று. காலையில் கதவைத் திறந்தால், அடியில் அழுக்குத் தண்ணீர் குட்டைபோல் நிற்கிறது! கறிவேப்பிலை மிதக்கிறது. பழைய சாம்பார் வாடை மூக்கைத் துளைக்கிறது.

“இத்தனை பணத்தைக் கொட்டி வாங்கினீர்களே, நான் அப்போதே சொன்னேன்” என்கிறார் மாமியார். மருமகள் டெலிபோனைத் தேடுகிறாள்.

கொஞ்சம் பொறுங்கள், தாய்மார்களே! மெஷின் கெட்டுவிடவில்லை. அநேகமாக அதன் தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது. அதை எடுக்க உங்கள் கையே போதும்.

மிக்சியும் கிரைண்டரும் வந்ததுபோல இந்த மெஷினும் மெள்ள மெள்ள நம் வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது வேலைக்காரம்மா வர முடியவில்லை. அப்போது நகரங்களில் பலர் இதை வாங்கினார்கள். பிள்ளைகள் பட்டணத்தில் வாங்கிப் பெற்றோருக்கு அனுப்புவதும் உண்டு. அனுப்புவது சுலபம். பழுது வந்தால்தான் கஷ்டம். திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில், மணப்பாறைக்கு அப்பால் இருக்கிறது வையம்பட்டி. இந்த மாதிரி ஊருக்குக் கம்பெனி மெக்கானிக் வர வேண்டுமென்றால் பெரும்பாலும் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். இரண்டு நாள் காத்திருப்பீர்கள். அவர் வந்து ஒரு பிடி சோற்றுப் பருக்கையை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, வந்ததற்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு போவார்.

தண்ணீர் எப்படி வெளியே போகிறது?

மெஷினின் அடியில் ஒரு சிறு குழி. அதன் மேல் ஒரு சல்லடை. குழிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பம்பு. கழுவி முடிந்ததும் பம்பு ஓடி, அழுக்குத் தண்ணீரைப் பின்பக்கத்து ரப்பர் குழாய் வழியாகத் தொட்டிக்குழாய்க்குத் தள்ளும். அவ்வளவுதான். சல்லடை, பம்பு, குழாய், தொட்டிக்குழாய் – இந்த நாலில் எங்காவது ஓரிடத்தில்தான் அடைப்பு இருக்கும்.

ஒரு விஷயம். சல்லடைக்குக் கீழே குழியில் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் எப்போதும் நிற்கும். உள்ளே இருக்கும் ரப்பர் காய்ந்துபோகாமல் இருக்க அது வேண்டும். அதைக் கண்டு பயப்படாதீர்கள். சல்லடைக்கு மேலே அழுக்குத் தண்ணீர் நின்றால்தான் கோளாறு.

கரண்ட் போய் வந்ததா என்றும் யோசித்துப் பாருங்கள். பாதியில் மின்சாரம் நின்றால் மெஷினும் தண்ணீரோடு நின்றுவிடும். கரண்ட் வந்ததும் பல மெஷின்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும். சிலவற்றில் நாம்தான் மறுபடி பொத்தானை அமுக்க வேண்டும்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக இருக்கும் இடம் இது, விளையாட்டில்லை. கழுவும் தண்ணீர் அறுபது, எழுபது டிகிரி வரை சூடாகும். ஆறட்டும். பிறகு டம்ளரால் தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றுங்கள். மீதியைப் பழைய துணியால் ஒற்றி எடுங்கள்.

இப்போது சல்லடை தெரியும். பல மெஷின்களில் அதை இடப்பக்கம் திருகித் தூக்கினால் கையோடு வந்துவிடும். அதில் என்னென்ன இருக்கும் தெரியுமா? சோறு, கடுகு, கறிவேப்பிலை, முருங்கைச் சக்கை, புளி நார், தேங்காய்த் துருவல்! மேல்நாட்டுக்காரர் கண்ட மெஷின் இது. ரொட்டித் துண்டையும் உருளைக்கிழங்கையும் நினைத்துச் செய்தார்கள். நம் தாளிப்பைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? குழாய் நீரில் காட்டி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். கம்பி நார் கூடாது, வலை கிழிந்துவிடும். கிழிந்த வலை வழியாகக் கடுகு பம்புக்குள் போனால் தொல்லை இரட்டிப்பு.

சல்லடை இருந்த குழிக்குள் கையை விட்டுத் துழாவாதீர்கள். உடைந்த கண்ணாடித் துண்டு இருக்கலாம். டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள். எலுமிச்சை விதை, பல்குத்தும் குச்சி, மீன் முள் இருந்தால் இடுக்கியால் எடுங்கள். பல மாடல்களில் பம்பின் மேல் ஒரு சிறு மூடி உண்டு. அதைக் கழற்றினால் சின்னச் சக்கரம் தெரியும். ஒரு குச்சியால் தள்ளிப் பாருங்கள். விட்டு விட்டுத் திரும்பும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி, அது கோளாறல்ல. அசையவே மறுத்தால்தான் கோளாறு.

அடுத்தது பின்பக்கத்து ரப்பர் குழாய். வீடு பெருக்கும்போது மெஷினைச் சுவரோடு தள்ளியிருப்பீர்கள். குழாய் மடிந்து நசுங்கியிருக்கும். நம் வீடுகளில் இன்னொரு பழக்கமும் உண்டு. குழாயின் முனையைத் தரையோடு தரையாகச் சலதாரையில் செருகிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சலதாரை அழுக்கு திரும்பி மெஷினுக்குள் ஏறக்கூடும். குழாய் ஒரு வளைவாக மேலே ஏறி, பிறகு இறங்க வேண்டும். எவ்வளவு உயரம் என்பது மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

கழுவும் தொட்டியிலும் தண்ணீர் மெதுவாக இறங்குகிறதா? அப்படியானால் மெஷின்மேல் பழி போடாதீர்கள். தொட்டிக்கு அடியிலுள்ள வளைந்த குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு உறைந்திருக்கும். அதைக் கழற்றிக் கழுவினால் இரண்டும் சரியாகும். மெஷின் புதிதாக மாட்டியதா? தொட்டிக்குழாயில் அதற்கென்று விட்ட வாயில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதை எடுக்காமலே குழாயை மாட்டிவிட்டுப் போகிற பிளம்பர்கள் இருக்கிறார்கள்!

சோப்பு நுரையும் உப்புத் தண்ணீரும்

மெஷின் பவுடர் தீர்ந்துபோனால், கையால் தேய்க்கிற சோப்புத் திரவத்தை ஊற்றிவிடுகிறோம். பொங்குமே பார்க்கலாம் நுரை! கதவு இடுக்கில் வழியும். பம்பு தண்ணீரைத் தள்ளும், நுரையைத் தள்ளாது. நுரையை வாரி எடுத்துவிட்டு, வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச விடுங்கள்.

போர்த் தண்ணீரை நம்பும் வீடுகளில் வேறொரு தொல்லை. பாறைப் பூமியிலிருந்து வரும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வெந்நீர்ப் பானையில் படிகிற அதே வெள்ளைப் படிவம் சல்லடை வலையிலும் படிந்து, கண்களை மூடிவிடும். பல மெஷின்களில் இதற்கென்றே உப்பு போடும் அறை உண்டு. அதில் மெஷின் உப்பைத்தான் போட வேண்டும். சமையல் உப்பில் அயோடினும், கட்டி தட்டாமலிருக்கச் சேர்த்த மற்றப் பொருள்களும் உண்டு. அது ஆகாது.

இந்த மெஷினைக் கண்டவரும் ஒரு குடும்பப் பெண்தான். அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் ஷெல்பிவில் என்ற ஊரில் வாழ்ந்தவர், ஜோசபின் காக்ரேன். வேலைக்காரர்கள் கழுவும்போது அவருடைய விலையுயர்ந்த பீங்கான் தட்டுகள் விளிம்பு உடைந்துபோயின. 1883-ல் கணவர் கடனை வைத்துவிட்டுக் காலமானார். அந்த அம்மாள் கலங்கி உட்காரவில்லை. ஒரு மெக்கானிக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேலையை முடித்து, 1886-ல் உரிமை பதிவு செய்தார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய மெஷின்கள் ஓடின. முதலில் வாங்கியவை ஓட்டல்களே. வீடுகளுக்குப் பரவ வெகுகாலம் ஆயிற்று.

இத்தனையும் செய்து பார்த்தும் தண்ணீர் போகவில்லையா? அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். “அண்ணே, மெஷின் ஓடலை” என்று மட்டும் சொல்லாதீர்கள். “சல்லடை, குழாய் எல்லாம் பார்த்தாச்சு. பம்பு உர்ரென்று சத்தம் போடுது, தண்ணீர் போகலை” என்று சொல்லுங்கள். சத்தமே இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். முகப்பில் ஏதாவது எண் மின்னினால் அதைக் குறித்துச் சொல்லுங்கள். தேவையான சாமானோடு வருவார். இரண்டாம் நடை மிச்சம்.

வாளியில் மொண்டு வைத்தீர்களே, அந்தத் தண்ணீர்? பழக்கதோஷத்தில் மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் சாம்பலும் புளியும் போட்டுத் துலக்கினோம். அரிசி களைந்த கழுநீர் மாட்டுக்குப் போயிற்று. மெஷின் பவுடரில் இருப்பதோ காரம். மாடு குடிக்கக் கூடாது. வாழைக்கும் அதை வார்க்க வேண்டாம். சலதாரையில் கொட்டிவிடுங்கள். தட்டில் மிஞ்சிய சோற்றையும் காய்த்தோலையும் மெஷினில் அடுக்குமுன் வழித்து வைத்தால், அதை மாட்டுக்குக் கொடுக்கலாம்.