முட்டைக்குள் அவிழும் விந்தணு உட்கரு

விந்தணுவின் உட்கரு மற்ற உயிரணுக்களின் உட்கருவைவிட மிக நெருக்கமாகச் சுருண்டிருப்பதால், அதிலுள்ள மரபுச் செய்தியைப் படிக்கவோ டி.என்.ஏ. இழையை இரட்டிக்கவோ அந்நிலையில் இயலாது. மற்ற உயிரணுக்களில் ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மீது டி.என்.ஏ. சுற்றியிருக்க, பாலூட்டிகளின் விந்தணுவில் அவற்றுள் பெரும்பாலானவை நீக்கப்பட்டு, ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் செறிந்து மிகுந்த நேர்மின்னூட்டம் பெற்ற புரோட்டமின்கள் அவ்விடத்தில் அமர்கின்றன, எதிர்மின்னூட்டமுடைய டி.என்.ஏ.வை இவை இறுகப் பிணித்துவிடுகின்றன. புரோட்டமினை 1874இல் ரைன் ஆற்றுச் சால்மன் மீனின் விந்தணுவிலிருந்து முதன்முதலில் பிரித்தவர், டி.என்.ஏ.வையும் கண்டறிந்த பிரெடரிக் மீஷரே.

நீந்திச் செல்ல உகந்த இவ்விறுக்கம் கருவாவதற்குத் தடையாகும். விந்தணுவே முட்டையைத் தூண்டி எழுப்புகிறது என்னும் வழக்கமான விளக்கம் பாதி உண்மைதான்; உள்ளே புகுந்த உட்கருவை அவிழ்த்துப் பயன்படச் செய்வது முட்டையில் முன்னரே சேர்ந்திருக்கும் புரதங்களின் பணி. 1983இல் லோக்கா, மசூயி என்னும் ஆய்வாளர்கள் ஒரு தவளையினத்தின் முட்டையிலிருந்து எடுத்த சாற்றில், செனோபஸ் என்னும் ஆப்பிரிக்க நகத்தவளையின் சவ்வு நீக்கிய விந்தணு உட்கருக்களை இட்டபோது, அவை தளர்ந்து விரிந்து, புதிய உறை பெற்றுப் பருத்தன. முட்டை வேறினத்தது என்பது அதற்குத் தடையாகவில்லை.

தவளை முட்டைச் சாற்றில் உட்கருவை அவிழ்க்கும் பொருள் எது என்பதற்கு 1991இல் விடை கிடைத்தது. லாஸ்கி குழுவினர் 1978இலேயே விவரித்திருந்த நியூக்ளியோபிளாஸ்மின் என்னும் புரதத்தைச் சாற்றிலிருந்து நீக்கியபோது விந்தணு உட்கரு விரியவில்லை. அதனைத் திரும்பச் சேர்த்ததும் விரிந்தது. ஐந்து ஒத்த அலகுகள் வளையமாகக் கூடிய இப்புரதம், தன் எதிர்மின்னூட்டத்தால் தவளை விந்தணுவுக்கே உரிய நேர்மின்னூட்டப் புரதங்களை டி.என்.ஏ.விலிருந்து கவர்ந்துகொண்டு, அவ்விடத்தில் முட்டையின் ஹிஸ்டோன்களுள் எச்2ஏ, எச்2பி ஆகிய இரண்டையும் வைக்கிறது.

தவளையில் கண்டதை அப்படியே பாலூட்டிகளுக்குப் பொருத்திவிட முடியாது. அவற்றின் புரோட்டமின்கள் கந்தக அணுக்களாலான டைசல்பைடு பிணைப்புகளால் ஒன்றோடொன்று கட்டுண்டிருப்பதால், முட்டையிலுள்ள குளூட்டாதயோன் என்னும் சிறு மூலக்கூறின் துணையுடன் முதலில் அப்பிணைப்புகள் அறுபட வேண்டும். மேலும், நியூக்ளியோபிளாஸ்மினை ஒத்த புரதம் நீக்கப்பட்ட சுண்டெலி முட்டையிலும் விந்தணு உட்கரு விரிகிறது. ஆகவே இப்பணியை ஆற்ற அங்கு வேறு புரதங்களும் உள்ளன என்றே கொள்ள வேண்டும்.

பழைய புரதங்கள் நீங்கினால் மட்டும் போதாது, டி.என்.ஏ. இரட்டிப்பு தொடங்குமுன்பே புதிய ஹிஸ்டோன்கள் அமர வேண்டியிருப்பதால், இரட்டிப்பைச் சாராது அமரவல்ல எச்3.3 என்னும் வகையை ஹிரா என்னும் புரதம் கொண்டுவந்து சேர்க்கிறது. தாய்வழி ஹிரா பழுதுற்ற பழ ஈயின் முட்டையில் தந்தையின் உட்கரு பயனற்றுப்போக, தாயின் குரோமோசோம்களை மட்டுமே கொண்டு வளரத் தொடங்கும் கரு, முட்டையிலிருந்து வெளிவருமுன்பே மடிந்துவிடுகிறது.