கப்பலுக்காக ஓடிய இரயில்

சென்னையிலிருந்து இராமேசுவரத்துக்கு இரவு வண்டியாக ஓடும் விரைவு இரயிலை இன்றும் பொதுமக்கள் ‘போட் மெயில்’ என்றே வழங்குகின்றனர். கப்பலோடு தொடர்புடைய தபால் வண்டி என்பது அப்பெயரின் பொருள். ஆனால் அவ்வண்டி சென்றடையும் இடத்தில் இன்று அதற்கெனக் காத்திருக்கும் கப்பல் எதுவும் இல்லை. பெயர் நிலைத்துவிட்டது, அப்பெயர்க்குரிய காரியம் மறைந்துவிட்டது. தறியில் நெய்த துணியும் நிலத்தில் விளைந்த பொருளும் உரிய விலை பெறுவது, அவை செல்லும் வழி திறந்திருக்கும் வரையில்தான் என்பதை நம் அங்கத்தினர்கள் நன்கு அறிவர். ஆதலின் இவ்வழி எவ்வாறு அமைந்தது, எவ்வாறு நடந்தது, எதனால் அறுந்தது என்பதனை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தொடக்கத்தில் இலங்கை செல்லும் பிரயாணிகளுக்குத் தூத்துக்குடியே வாயிலாக இருந்தது. 1870களில் தென்னிந்திய இரயில்வேயின் இருப்புப் பாதை தூத்துக்குடியை எட்டியது. அங்கு இரயிலை விட்டிறங்கியோர் கப்பலேறி, ஓர் இரவு முழுவதும் கடலிற் கழித்துக் கொழும்பை அடைந்தனர். தூத்துக்குடிக் கரையோரக் கடல் ஆழமற்றதாகையால் பெரிய கப்பல்கள் கரையை அணுக இயலவில்லை. சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நின்ற கப்பலுக்குச் சிறு படகுகளிற் செல்ல வேண்டியிருந்தது. மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் சென்றவர்களுக்கு இஃது எத்துணைத் துன்பம் தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இதனினும் குறுகிய கடல்வழியொன்று இராமேசுவரத் தீவின் முனையில் இருந்தது. தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 22 மைலே. 1902இல் இருப்புப் பாதை மதுரையிலிருந்து மண்டபம் வரை வந்து சேர்ந்தது. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையேயுள்ள கடற்காலைக் கடப்பதொன்றே எஞ்சியிருந்தது. அதற்கென ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்திற்குப் பாலம் அமைக்கப்பெற்று, 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்டது. நாற்பதடி நீளமுள்ள இரும்பு உத்திரங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை இப்பாலத்தைத் தாங்கின. நடுவில் ஒரு பகுதி மட்டும் இரு கதவுகள் போல் மேலே தூக்கப்பெற்றுக் கப்பல்களுக்கு வழிவிடும். ஷெர்சர் முறை எனப்படும் இதனைப் பணியாளர்கள் நெம்புகோல்களைக் கையால் சுழற்றியே திறந்து மூடினர் என்பது குறிப்பிடத்தக்கது.

இலங்கையிலும் அவ்வாண்டிலேயே தலைமன்னார் வரை இருப்புப் பாதை அமைந்தது. இனி இச்சேவை நடந்த முறையைக் காண்போம். மாலை மங்கிய பின் எழும்பூரை விட்டுப் புறப்பட்ட வண்டி, திருச்சிராப்பள்ளி, மானாமதுரை, நெசவுக்குப் பெயர்பெற்ற பரமக்குடி, இராமநாதபுரம் ஆகிய ஊர்களைக் கடந்து மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடித் துறையை அடையும். அங்கே இரயில்வேயின் நீராவிக் கப்பல் ஆயத்தமாக நிற்கும். தொடக்க காலத்தில் கர்சன், ஹார்டிஞ்ச், எல்ஜின் என்னும் கப்பல்களும், பிற்காலத்தில் இர்வின், கோஷன் என்பனவும் இப்பணியில் ஈடுபட்டன. கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்கியோர், அங்கு நின்ற இலங்கை இரயிலில் ஏறி இரவெல்லாம் பயணம் செய்து, மூன்றாம் நாட் காலை கொழும்புக் கோட்டை நிலையத்தை அடைவர். இவையனைத்துக்கும் எழும்பூரிலேயே ஒரே சீட்டு வாங்கிவிடலாம்.

நம் நாட்டுப் பகுதியில் இருந்தது மீட்டர் பாதை. இலங்கையில் இருந்ததோ அகலப் பாதை. ஆகவே ஒரு வண்டியைக் கப்பலில் ஏற்றி அக்கரைத் தண்டவாளத்தில் ஓடவிடுதல் இயலாத காரியம். ஆளும் பெட்டியும் தபால் மூட்டையும் இறங்கி ஏறியே தீர வேண்டும். ஓரிடத்தில் நேரம் தவறினால் அடுத்த இடத்திலும் அது தொடரும். இரயில் தாமதித்தால் கப்பல் காக்க வேண்டும். கப்பல் தாமதித்தால் அக்கரை இரயில் காக்க வேண்டும். ஒரு சீட்டு என்பது உண்மையில் ஒருவர்க்கொருவர் அளித்த மூன்று வாக்குறுதிகளாகும். சுங்கச் சோதனையும் உடல்நலச் சோதனையும் இவற்றோடு சேர்ந்தன. தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைத் தங்கவைத்துச் சோதித்தற்பொருட்டு இலங்கை அரசாங்கம் நம் கரையிலேயே மண்டபத்தில் ஒரு முகாம் நடத்தி வந்தது.

அத்தொழிலாளரே இவ்வழியில் மிகுதியாகச் சென்றோர் எனலாம். தமிழகத்தின் வறண்ட சிற்றூர்களிலிருந்து கண்டி, நுவரெலியா முதலிய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குக் குடும்பங்களாகச் சென்றவர்கள் அவர்கள். வணிகர், மாணவர், இராமேசுவர யாத்திரீகர் ஆகியோரும் இவ்வண்டியிற் கலந்து சென்றனர். நம் கைத்தறிச் சேலைகளுக்கும் கைலிகளுக்கும் அந்நாளில் இலங்கை ஒரு நல்ல சந்தையாக விளங்கியது என்பதையும் நாம் மறத்தற்கில்லை.

இங்ஙனம் ஐம்பது ஆண்டுகள் நடைபெற்ற சேவை 1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இரவு அடிபட்டது. பெரும் புயலும் அதனுடன் எழுந்த கடற்பெருக்கும் தனுஷ்கோடியை அழித்தன. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்றுகொண்டிருந்த பிரயாணி வண்டியொன்று ஊரை நெருங்குகையில் அலைகளால் அடித்துச் செல்லப்பட்டது. அதிற் சென்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நிலையமும் துறையும் சுங்கச் சாவடியும் தபால் நிலையமும் பாழாயின. பாம்பன் பாலத்தின் உத்திரங்களில் 126 கடலில் வீழ்ந்தன. தூக்குப் பகுதி மட்டும் பெரும்பாலும் தப்பியது.

பாலத்தைச் சீர்ப்படுத்தும் பொறுப்பு ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. புதிய உத்திரங்கள் வந்து சேரும் வரை காத்திராமல், வீழ்ந்தவற்றையே மீட்க அவர் முனைந்தார். அவை கிடந்த இடத்தைக் கடலறிந்த மீனவர்கள் காட்டி உதவினர். மூன்று திங்களில் முடிக்க வேண்டுமென வகுத்த வேலை 46 நாட்களில் முடிந்தது. பின்னாளில் டில்லி மெட்ரோவைக் கட்டியவரும் இவரே.

பாலம் மீண்டது, தனுஷ்கோடி மீளவில்லை. பாம்பனிலிருந்து அவ்வூருக்குச் சென்ற இருப்புப் பாதை கைவிடப்பட்டது. கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குச் செல்லலாயிற்று. ஆனால் அதில் வந்தோர் கதை வேறாக மாறிவிட்டது. புயலுக்கு முன்னரே, 1964 அக்டோபர் 30இல், இரு நாட்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, இலங்கைத் தோட்டத் தொழிலாளருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டுமென முடிவாயிற்று. பாட்டன் காலத்திற் சென்ற குடும்பங்களின் பேரர்கள், தாம் ஒருபோதும் கண்டிராத ஊர்களைத் ‘தாயகம்’ எனக் கொண்டு, அதே கப்பலில் வந்திறங்கினர். முன்னர் போவோரை நிறுத்திச் சோதித்த மண்டபம் முகாமே பின்னர் வருவோர்க்குப் புகலிடமாயிற்று.

1980களில் இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டது, கப்பல் நின்றது. தலைமன்னார்ப் பாதையும் போரில் அழிந்தது. போர் ஓய்ந்த பின்னர் அப்பாதை இந்திய நிறுவனமொன்றின் துணையால் மீண்டும் அமைக்கப்பெற்று, 2015 மார்ச்சில் தலைமன்னார்த் துறை வரை வண்டி ஓடத் தொடங்கியது. நம் பக்கத்தில் 2007இல் இராமேசுவரப் பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டது. பழைய பாலம் அரிப்புற்றமையால் 2022 டிசம்பரில் அதன்மீது போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதனருகே எழுப்பிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளமுள்ளது, கதவுபோல் மடங்காமல் முழுவதும் நேர்மேலே உயர்கிறது.

ஆகவே இன்று இரு கரைகளிலும் தண்டவாளம் உண்டு. இரண்டும் அகலப் பாதைகளே. இடையிலுள்ள இருபத்திரண்டு மைலுக்குத்தான் இரயிலோடு இணைந்த கப்பல் இல்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டது நற்செய்தியே எனினும், அது வேறு வழி.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கடல் ஓர் இரவில் உடைத்த பாலத்தை மனிதர் 46 நாட்களில் கட்டி முடித்தனர். மனிதர் தம்முள் அறுத்துக்கொண்ட வழியோ நாற்பதாண்டாகியும் கூடவில்லை. இரும்பை ஆக்குதல் எளிது. ஒருவர் வருகைக்கு மற்றொருவர் காத்து நிற்கும் வழக்கத்தை மீண்டும் உண்டாக்குதல் அரிது. அவ்வழக்கம் உள்ளவரை அதனை மாசின்றிப் பேணுதலே அறிவுடையோர் கடன் எனக் கூறி இக்கட்டுரையை முடிக்கிறோம்.