கதவுநிலைத் தொங்குகம்பி

கதவுநிலைத் தொங்குகம்பி அல்லது டோர்வே புல்-அப் பார் என்பது வீட்டுக் கதவின் நிலையில் பொருத்தி, அதைப் பற்றித் தொங்கியும் உடலை மேலே இழுத்தும் பயிற்சி செய்ய உதவும் எளிய உடற்பயிற்சிக் கருவி ஆகும். பொதுவாக இது எஃகுக் குழாயால் ஆனது. முனைகளில் ரப்பர் திண்டுகளும், கைப்பிடிகளில் நுரைப்பஞ்சு உறையும் இருக்கும். இதற்குத் தனி அறையோ மின்சாரமோ தேவையில்லை. எனினும் இக்கருவி தனித்து நிற்பதன்று. பயிற்சி செய்பவரின் முழு எடையையும் கதவுநிலையே தாங்குகிறது. ஆகவே கம்பியின் வலிமையைப் போலவே நிலையின் வலிமையும் முதன்மையானது.

தேவை

கருவி ஏதுமின்றி வீட்டில் செய்யப்படும் பயிற்சிகளுள் தண்டால் கைகளால் தள்ளும் பயிற்சி ஆகும். பஸ்கி கால்களுக்கு உரியது. முதுகுத் தசைகளைப் பயன்படுத்தி இழுக்கும் பயிற்சியை வெறுந்தரையில் செய்வது கடினம். அதற்குப் பற்றித் தொங்க ஓர் இடம் வேண்டும். மரக்கிளை, விளையாட்டுத் திடலில் உள்ள கம்பி ஆகியன இத்தேவையை நிறைவு செய்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கு எளிதில் கிடைப்பது கதவுநிலையே.

வரலாறு

கிடைக்கம்பியில் செய்யும் பயிற்சிகளை முறைப்படுத்திப் பரப்பியவர்களுள் செருமானியரான பிரீட்ரிக் லுட்விக் யான் குறிப்பிடத்தக்கவர். அவர் 1811 ஆம் ஆண்டில் பெர்லின் நகரின் ஆசன்கைடே பகுதியில் திறந்தவெளி உடற்பயிற்சித் திடல் ஒன்றைத் தொடங்கினார். 1896 ஆம் ஆண்டு ஏதென்சில் நடந்த முதல் தற்கால ஒலிம்பிக் போட்டியிலேயே கிடைக்கம்பி ஒரு போட்டிப் பிரிவாக இடம்பெற்றது. பின்னர் பல நாடுகளின் படைத்துறை, பள்ளி உடல்தகுதித் தேர்வுகளில் கம்பியில் உடலை இழுத்தல் சேர்க்கப்பட்டது.

கதவில் மாட்டும் கம்பிகள் 2000களில் தொலைக்காட்சி விளம்பரங்கள் வழியாகவும், பி90எக்ஸ் போன்ற வீட்டுப் பயிற்சிக் காணொளிகள் வழியாகவும் அமெரிக்காவில் பரவலாக அறியப்பட்டன. கோவிட்-19 பெருந்தொற்றின்போது இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. உடற்பயிற்சிக் கூடங்களை மீண்டும் திறக்க ஒன்றிய அரசு அவ்வாண்டு ஆகஸ்ட் 5 முதல் அனுமதித்தது. இடைப்பட்ட மாதங்களில் வீட்டுப் பயிற்சியே பலருக்கும் ஒரே வழியாக இருந்தது.

வகைகள்

1. நீள்கம்பி: இருபுற நிலைக்கால்களுக்கு இடையே கிடையாகப் பொருத்தப்படுவது. கம்பியைச் சுழற்றும்போது உள்ளிருக்கும் திருகுமரையால் அது நீண்டு, இரு நிலைக்கால்களையும் அழுத்துகிறது. உராய்வே இதைத் தாங்கி நிற்கிறது.

2. கொக்கிக்கம்பி: திருகாணி இன்றி மாட்டுவது. இதன் பின்சட்டம் சுவரின் மறுபுறத்தில் உள்ள மேற்சட்ட விளிம்பின்மேல் அமரும். முன்சட்டம் பயிற்சி செய்பவரின் பக்கத்தில் நிலையின் முகப்பை அழுத்தும். கைப்பிடிகள் சுவரைவிட்டு முன்னே நீண்டிருக்கும்.

3. திருகாணிக்கம்பி: நிலைக்கால்களில் இரு கிண்ணத் தாங்கிகளைத் திருகாணிகளால் பொருத்தி, அவற்றில் கம்பியை வைப்பது. நிலையில் துளையிட வேண்டும் என்பதால் வாடகை வீடுகளில் உரிமையாளரின் இசைவு தேவைப்படும். நல்ல மரநிலையில் முறையாகப் பொருத்தினால் மூன்று வகைகளுள் இதுவே எளிதில் நழுவாதது.

செயற்படும் முறை

நீள்கம்பி

65 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் அசையாமல் தொங்கும்போது கம்பியின்மேல் ஏறத்தாழ 637 நியூட்டன் விசை கீழ்நோக்கிச் செயற்படுகிறது. கம்பி நழுவாதிருக்க, இரு முனைகளிலும் உண்டாகும் உராய்வு விசைகளின் கூட்டுத்தொகை இதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். ரப்பருக்கும் மரத்துக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.5 எனக் கொண்டால், கம்பி ஒவ்வொரு நிலைக்காலையும் குறைந்தது 637 நியூட்டன் விசையுடன் அழுத்த வேண்டும். தூசு, எண்ணெய்ப் பிசுக்கு, வழுவழுப்பான வண்ணப்பூச்சு ஆகியவற்றால் குணகம் 0.3 ஆகக் குறைந்தால் தேவைப்படும் அழுத்தம் 1,060 நியூட்டனைத் தாண்டுகிறது. அதாவது, துடைக்காத நிலையில் மாட்டிய கம்பிக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் இறுக்கம் தேவை.

உடலை மேலே இழுக்கத் தொடங்கும் கணத்தில் விசை இன்னும் கூடும். மேல்நோக்கிய முடுக்கம் நொடிக்கு நொடி 3 மீட்டர் எனில், அதே நபர் கம்பிக்குத் தரும் விசை 832 நியூட்டன் ஆகும். ஆகவே அசையாமல் தொங்கியபோது தாங்கிய கம்பி, வெடுக்கென இழுக்கும்போது நழுவக்கூடும்.

மற்றொரு குறை, கம்பியின் இறுக்கம் திருகுமரையைச் சார்ந்திருப்பது ஆகும். பயிற்சியின்போது கைகள் கம்பியைச் சிறிது சிறிதாகச் சுழற்றுகின்றன. அச்சுழற்சி தளர்த்தும் திசையில் அமைந்தால் ஒவ்வொரு முறையும் அழுத்தம் குறைந்துகொண்டே வரும். இத்தளர்ச்சி கண்ணுக்குத் தெரியாது. பூட்டும் அமைப்பு உள்ள கம்பிகளில் இந்த இடர் குறைவு.

கொக்கிக்கம்பி

இது நெம்புகோல் தத்துவத்தில் இயங்குகிறது. பயிற்சி செய்பவரின் எடை கருவியை முன்புறமாகக் கீழே சுழற்ற முயல்கிறது. அப்போது முன்சட்டம் நிலையின் முகப்பை உள்நோக்கி அழுத்த, பின்சட்டம் சுவரின் மறுபுறத்தை இழுத்துப் பிடிக்கிறது. இவ்வாறு சுவரே இடுக்கியில் அகப்பட்டதுபோல் ஆகிறது. எடை கூடக் கூடப் பிடியும் இறுகும்.

எடுத்துக்காட்டாக, கைப்பிடிக்கும் பின்சட்டத்துக்கும் இடையிலான கிடைத்தொலைவு 30 செ.மீ. எனவும், முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு 20 செ.மீ. எனவும் கொள்வோம். திருப்புத்திறன்களைச் சமன் செய்தால், முன்சட்டம் தரும் அழுத்தம் எடையைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 65 கிலோகிராம் நபருக்கு ஏறத்தாழ 955 நியூட்டன் என வரும். இது இரு நிலைக்கால்களுக்கும் பகிரப்படுகிறது. கீழ்நோக்கிய எடையைப் பெரும்பாலும் மறுபுற மேற்சட்ட விளிம்பே தாங்குகிறது. எனவே அவ்விளிம்பு சிறு ஆணிகளால் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் அலங்காரச் சட்டமாக இருந்தால் அதுவே இந்த அமைப்பின் நலிந்த கண்ணி ஆகும்.

இந்தப் பிடி எடை கீழ்நோக்கி இருக்கும்வரை மட்டுமே நிலைக்கும். உடலை ஊசலாட்டி எழும்பினால் ஒரு கணம் சுமை நீங்கி, பின்சட்டம் விளிம்பைவிட்டு எழ வாய்ப்புண்டு. ஆதலால் ஊசலாட்டப் பயிற்சிகளும் தலைகீழாகத் தொங்குதலும் இவ்வகைக் கம்பிக்கு உரியவை அல்ல.

கதவுநிலையின் வலிமை

கருவியின் உறையில் அச்சிடப்படும் எடை வரம்பு, அது முறையாகப் பொருத்தப்பட்டது என்ற அடிப்படையில் தரப்படுவது ஆகும். ஒருவர் வீட்டு நிலை எத்தகையது என்பது தயாரிப்பாளருக்குத் தெரியாது. எனவே 130 கிலோகிராம் தாங்கும் என எழுதப்பட்ட கம்பி, 60 கிலோகிராம் நபருடன் கீழே விழுவதில் முரண்பாடு ஏதும் இல்லை.

கொக்கிக்கம்பி அமெரிக்க வீடுகளுக்கு நன்கு பொருந்துவது. அங்குள்ள உட்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தின் இருபுறமும் ஜிப்சம் பலகை அறைந்தவை. தடிமன் ஏறத்தாழ 11.5 செ.மீ. மட்டுமே. கதவைச் சுற்றிச் சுவரிலிருந்து துருத்திய அலங்காரச் சட்டமும் இருக்கும். தமிழ்நாட்டின் செங்கல் வீடுகளில் நிலை பெரும்பாலும் சுவர்ப்பூச்சுக்குச் சமமாகவோ உள்ளடங்கியோ அமைகிறது. கொக்கி அமர விளிம்பே இருப்பதில்லை. 9 அங்குலச் சுவராயின் கருவி அதைக் கடந்து மறுபுறம் எட்டாமலும் போகலாம். வாங்குவதற்கு முன் சுவரின் தடிமன், விளிம்பின் அகலம், வாயிலின் அகலம் ஆகிய மூன்றையும் அளந்து பார்த்தல் நலம். கொக்கிக்கம்பிகள் பொதுவாக 61 முதல் 81 செ.மீ. வரை அகலமுள்ள வாயில்களுக்காகச் செய்யப்படுகின்றன.

மாறாக, செங்கற் சுவரில் பதித்த மரநிலை நீள்கம்பிக்கு ஏற்றது. கம்பி பக்கவாட்டில் தரும் அழுத்தத்தை மரம் சுவருக்குக் கடத்திவிடுகிறது. ஆயினும் பின்வரும் நிலைகளைத் தவிர்க்க வேண்டும்:

* கரையான் அரித்த அல்லது ஈரத்தால் மெத்தென்றான மரநிலை
* நிலைக்கும் சுவருக்கும் இடையே சிமெண்ட் கலவை நிரம்பாமல் வெற்றிடம் உள்ள நிலை
* குளியலறைகளில் காணப்படும் பிவிசி நிலை
* மெல்லிய தகட்டாலான உள்ளீடற்ற நிலை

விரல் மூட்டால் நிலைக்காலைத் தட்டிப் பார்த்தால் திண்மையான இடமும் வெற்றிடமும் வெவ்வேறு ஒலி தரும். நிலைக்கும் பூச்சுக்கும் இடையே நீண்ட விரிசல் இருப்பின், அந்நிலை ஏற்கெனவே அசைகிறது எனக் கொள்ளலாம்.

பொருத்தும் முறை

நீள்கம்பியைப் பொருத்தும்போது நிலைக்கால்களை ஈரத்துணியால் துடைத்து நன்கு உலரவிட வேண்டும். அளவு நாடாவால் இருபுறமும் ஒரே உயரத்தைக் குறித்து, ரசமட்டம் கொண்டு கம்பி கிடையாக உள்ளதைச் சரிபார்க்க வேண்டும். கம்பி சாய்ந்திருந்தால் முனைத்திண்டு முழுவதும் படியாமல் ஓரம் மட்டுமே அழுத்தும்.

கம்பிக்கு மேலே தலைக்கு இடம் தேவை. 210 செ.மீ. உயரமுள்ள வாயிலில் மேலிருந்து 30 செ.மீ. விட்டால் கம்பி தரையிலிருந்து 180 செ.மீ. உயரத்தில் அமையும். நடுத்தர உயரம் உள்ளவரும் இதில் காலை நீட்டித் தொங்க இயலாது. முழங்கால்களைப் பின்னால் மடித்தே தொங்க வேண்டும்.

இறுக்கிய பின் திண்டுகளின் கீழ் விளிம்பை ஒட்டி நிலையில் ஒரு பென்சிற் கோடு இடுவது பயனுள்ளது. முதலில் கால்களைத் தரையில் ஊன்றியபடி பாதி எடையைத் தர வேண்டும். பின்னர் முழு எடையையும் மெல்லத் தந்து, இறங்கிக் கோட்டைப் பார்க்க வேண்டும். திண்டு கோட்டுக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தாலும் அப்பொருத்தம் போதாது. இச்சோதனையை ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு முன் செய்தல் வேண்டும்.

பயிற்சிகள்

உள்ளங்கை முன்னோக்கி இருக்கப் பற்றி, தாடை கம்பிக்கு மேல் வரும்வரை உடலை உயர்த்துவது புல்-அப் எனப்படும். உள்ளங்கை தன்னை நோக்கி இருக்கச் செய்வது சின்-அப் எனப்படும். இரண்டிலும் முதுகின் அகன்ற தசையே முதன்மையாக உழைக்கிறது. சின்-அப்பில் இருதலைப்புயத் தசையின் பங்கு கூடுதலாக இருப்பதால் தொடங்குவோருக்கு அது சற்று எளிது.

ஒருமுறைகூட உடலை உயர்த்த இயலாதவர் பின்வரும் படிகளில் முன்னேறலாம்:

1. தொங்குதல்: கைகளை நீட்டி 10 நொடி தொங்கத் தொடங்கி, படிப்படியாக 30 நொடி வரை கூட்டுதல். இது பிடியை வலுவாக்கும்.

2. தோள்பட்டை இழுத்தல்: முழங்கையை மடக்காமல் தோள்பட்டை எலும்புகளை மட்டும் கீழே இழுத்து உடலைச் சிறிது உயர்த்துதல்.

3. இறங்குதல்: உறுதியான முக்காலியில் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேல் வைத்து, 5 நொடியில் மெல்ல இறங்குதல். தசை நீளும்போது அதனால் கூடுதல் சுமையைத் தாங்க முடியும் என்பதால், ஏற இயலாதவராலும் இறங்க இயலும்.

4. கால் துணையுடன் இழுத்தல்: ஒரு காலை முக்காலியில் ஊன்றி, தேவையான அளவு மட்டும் உந்துதல்.

வாரம் இரண்டு அல்லது மூன்று நாட்கள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு விட்டுச் செய்வது போதுமானது. தோள் அல்லது முழங்கை மூட்டில் கூர்மையான வலி தோன்றினால் நிறுத்திவிட வேண்டும்.

இப்பயிற்சி உடல் எடையைக் குறைக்கும் என்ற எண்ணம் சரியன்று. 65 கிலோகிராம் உடலை அரை மீட்டர் உயர்த்தத் தேவைப்படும் வேலை ஏறத்தாழ 319 ஜூல். பத்து முறைக்கு அது 3,190 ஜூல், அதாவது முக்கால் கிலோகலோரி. தசைகள் உணவாற்றலில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுவதால், செலவாவது 3 முதல் 4 கிலோகலோரி வரை எனலாம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் 16 கிலோகலோரி உண்டு. இப்பயிற்சியின் பயன் வலிமையே ஆகும்.

விபத்தும் தடுப்பும்

கம்பியின் உயரம் குறைவு என்பதால் விழுந்தாலும் அடிபடாது எனக் கருதுவது தவறு. முழங்கால்கள் மடிந்திருப்பதால் விழுபவர் பாதங்களை ஊன்ற இயலாது. கைகள் மேலே இருப்பதால் அவற்றாலும் தடுக்க இயலாது. முழங்கால், வால் எலும்பு, பின்தலை ஆகியவையே தரையில் மோதுகின்றன. மொசைக், கிரானைட், டைல்ஸ் தரைகளில் இது கடுமையான காயத்தை விளைவிக்கும். கம்பியும் உடன் விழுந்து முகத்தில் படலாம். எனவே:

* தரையில் தடித்த விரிப்பு இட வேண்டும்; அருகில் மேசை, நாற்காலி இருக்கலாகாது.
* கதவு தானே மூடாதபடி அதை நிறுத்தி வைக்க வேண்டும். மறுபுறம் இருப்போருக்குத் தெரிவிக்க வேண்டும்.
* தாவிப் பிடிக்கவோ துள்ளி இறங்கவோ கூடாது.
* பயிற்சி முடிந்ததும் நீள்கம்பியைக் கழற்றி வைப்பது நல்லது. மாட்டியே விட்டால் குழந்தைகள் தொங்கவும், உயரமானவர்கள் இருட்டில் தலையை இடித்துக்கொள்ளவும் நேரும்.

ரப்பர் திண்டு வெடித்தாலும், திருகுமரை தேய்ந்தாலும், குழாய் வளைந்தாலும் கருவியை மாற்றிவிட வேண்டும். வீட்டில் தகுந்த நிலை இல்லாதவர் மொட்டை மாடியில் உறுதியாகப் பதித்த கம்பியையோ விளையாட்டுத் திடலையோ பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்க

* உடற்பயிற்சி
* தண்டால்
* உராய்வு
* நெம்புகோல்
* சீருடற்பயிற்சி

பகுப்புகள்: உடற்பயிற்சிக் கருவிகள் | உடல்நலம்